டிராக்கில் ஆயில் 130 டிகிரியைத் தாண்டினால்: ஒரு நிசான் 370இசட் காரை வைத்து விளக்கம்

கேள்வி இதுதான். துபாயில் இருக்கும் ஒருவர் 2010 மாடல் நிசான் 370இசட் வைத்திருக்கிறார், மேனுவல் கியர், எந்த மாற்றமும் செய்யாத கார். துபாய் ஆட்டோட்ரோமில் டிராக் டேயில் ஓட்டியபோது நாலைந்து லேப்பிலேயே ஆயில் முள் 130ஐத் தாண்டியது. கூலன்ட் அளவு நடுவில் அசையாமல் நின்றது. அதற்கப்புறம் என்ஜின் மேலே சுற்ற மறுத்தது. பிட்டுக்கு வந்து ஆறவிட்டதும் பழையபடி ஓடியது. என்ஜினுக்கு ஏதாவது ஆகியிருக்குமா, கெட்டியான ஆயில் ஊற்றினால் போதுமா, இல்லை ஆயில் கூலர் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலில் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என்ஜின் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. சுற்ற மறுத்தது கோளாறு அல்ல, பாதுகாப்பு. ஆயில் ஏறக்குறைய 138 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அமெரிக்கக் காரின் மீட்டரில் அது 280 ஃபாரன்ஹீட், இந்தக் காரின் கம்ப்யூட்டர் ஆர்பிஎம் உச்ச வரம்பைத் தானே இறக்கிவிடும். 2009 மாடலாக 370இசட் வந்த புதிதிலேயே டிராக்கில் ஓட்டிப் பார்த்த அமெரிக்க உரிமையாளர்களும் பத்திரிகைக்காரர்களும் இதைச் சந்தித்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் வந்த கார்களில் தனி ஆயில் கூலர் கிடையாது. பின்னால் வந்த மாடல்களில் நிசானே தொழிற்சாலையில் கூலர் பொருத்தத் தொடங்கியது. உங்கள் கார் அதற்கு முந்தையது. ஆகவே உங்களுக்கு நடந்தது அந்தக் காரின் இயல்பு, உங்கள் காருக்கு மட்டும் வந்த நோய் அல்ல.

ஆனால் ஆறியதும் சரியாகிவிட்டது என்பதால் அப்படியே அடுத்த டிராக் டேக்குப் போய்விடாதீர்கள். கம்ப்யூட்டர் காப்பாற்றுவது கடைசி எல்லையில். அதற்கு முன்னாலேயே ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாத நிலைக்கு நெருங்கிவிடுகிறது.

கூலன்ட் நடுவில் நிற்கும்போது ஆயில் மட்டும் ஏன் ஏறுகிறது என்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். பெரும்பாலான கார்களில் கூலன்ட் முள் உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. முள் கொஞ்சம் அசைந்தாலே ஓட்டுநர்கள் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதால், ஓர் அகலமான இடைவெளி முழுக்க முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். அதனால் கூலன்ட் நடுவில் நின்றது என்பது எல்லாம் நலம் என்பதற்குச் சான்றாகாது. 370இசட்டின் டேஷ்போர்டு நடுவில் மூன்று வட்ட மீட்டர்கள் இருக்கின்றனவே, அதில் ஆயில் வெப்பநிலைக்கு ஒன்றைத் தனியாக வைத்தது உங்களுக்குப் பெரிய உதவி. இதே அளவு சூட்டில் ஓடும் பல கார்களில் அந்த மீட்டரே இல்லை, ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாமலே போகிறது.

இரண்டாவது, ஆயிலுக்குச் சூடு வரும் வழிகளே வேறு. கூலன்ட் சிலிண்டர் சுவருக்கும் ஹெட்டுக்கும் வெளியே ஓடுகிறது. ஆயிலோ சூட்டின் நடுவிலேயே வேலை செய்கிறது. பிஸ்டனின் மேல்முகம் கடுமையான ஓட்டத்தில் 250 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூடு ரிங் வழியாகவும் பிஸ்டனின் அடிப்பக்கம் வழியாகவும் ஆயிலுக்கு இறங்குகிறது. இது ஒரு பங்கு. இன்னொரு பங்கு உராய்வு. கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடுவதில்லை, நடுவில் ஆயில் படலம் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். அந்தப் படலம் ஒவ்வொரு சுற்றிலும் நசுக்கி இழுக்கப்படுகிறது, அந்த இழுப்பே சூடாக மாறுகிறது. இந்தச் சூடு ஆர்பிஎம்மோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, தோராயமாக அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. 7500 ஆர்பிஎம்மில் ஓட்டுவதை 6500க்குக் குறைத்தால் பேரிங்கில் உண்டாகும் உராய்வுச் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷேக் சயீத் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போக இந்தக் காருக்குச் சுமார் 15 கிலோவாட் போதும். என்ஜினால் தர முடிந்தது 248 கிலோவாட், அதாவது 332 குதிரைத்திறன். டிராக்கில் நேர்ப்பாதைகளில் அந்த முழு பலத்தையும் கேட்கிறீர்கள், வளைவுகளிலும் ஆர்பிஎம்மைக் கீழே விடுவதில்லை. சாலைக்காக அளந்து செய்த வெப்ப ஏற்பாடு இதைத் தாங்காது என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அப்புறம், இந்த என்ஜினில் இருப்பது 4.9 லிட்டர் ஆயில். எடையில் ஏறக்குறைய 4.2 கிலோ. அதை ஒரு டிகிரி ஏற்ற 9 கிலோஜூல் போதும். அதாவது வெளியேறுவதை விட ஒரு கிலோவாட் சூடு கூடுதலாக உள்ளே வந்தால், ஆயிலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒன்பது நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். மூன்று கிலோவாட் கூடுதல் என்றால் நிமிடத்துக்கு இருபது டிகிரி. என்ஜினின் உலோகமும் சேர்ந்து சூடாக வேண்டியிருப்பதால்தான் உங்களுக்கு முதல் மூன்று நான்கு லேப் கிடைத்தது. அதுவும் சூடேறிய பிறகு முள் வேகமாக ஏறத் தொடங்குகிறது.

இனி முக்கியமான விஷயம். 130 டிகிரி என்பது நல்லதா கெட்டதா?

என்னைக் கேட்டால் அந்த எண்ணைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முள் எங்கேயாவது நிலைக்கிறதா, இல்லை ஏறிக்கொண்டே போகிறதா என்பது ஒன்று. அந்த வெப்பநிலையில் உங்கள் ஆயிலில் எவ்வளவு கெட்டித்தன்மை மிஞ்சுகிறது என்பது இன்னொன்று. 125இல் போய் நின்று, அடுத்த பத்து நிமிடமும் 125லேயே இருக்கும் காரைப் பற்றி எனக்குப் பயமில்லை. 115 காட்டினாலும் லேப்புக்கு லேப் ஐந்து டிகிரி ஏறும் காரைப் பார்த்தால் பயம் வரும், ஏனென்றால் அதில் உள்ளே வரும் சூட்டுக்கும் வெளியே போகும் சூட்டுக்கும் சமநிலை என்பதே கிடையாது. எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கார் இந்த இரண்டாவது வகை. 130 என்ற எண்ணை விட அதுதான் கவனிக்க வேண்டியது.

கெட்டித்தன்மைக்கு வருவோம். இந்த என்ஜினுக்கு நிசான் சொல்வது 5டபிள்யூ-30, அதுவும் எஸ்டர் என்னும் செயற்கைச் சேர்மம் கலந்த ஆயில். இதில் பின்னால் இருக்கும் 30 என்பது 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான வகுப்பு. ஆயில் வகுப்புகளை வரையறுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் விதிப்படி 30 வகுப்பு ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும், 40 வகுப்பு 12.5 முதல் 16.3 வரை. ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் 10.5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆயில் 120 டிகிரியில் ஏறக்குறைய 7க்கு வந்துவிடும். 140இல் 5 சொச்சம்தான். பாதியாகக் கரைந்துவிட்டது. பேரிங்கில் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான் அளவில்தான் இருக்கிறது. அது மெலியும்போது தாங்கும் பலமும் குறைகிறது. முழு த்ராட்டிலில் பிஸ்டன் இடிக்கும் இடி மட்டும் குறைவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மீட்டர் காட்டும் 130 என்பது சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பநிலை. பேரிங்குக்குள் நசுங்கி வெளியே வரும் ஆயில் அதைவிட இருபது முப்பது டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். பிஸ்டன் ரிங் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஆயில் 200 டிகிரியையும் தாண்டும். இதனால்தான் 150 டிகிரியில், வேகமாக இழுபடும் நிலையில் ஆயிலை அளக்க ஒரு தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். எச்டிஎச்எஸ் என்று அதைச் சொல்வார்கள். 30 வகுப்பு ஆயிலுக்கு இதில் குறைந்தபட்சம் 2.9 இருந்தால் போதும். 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆயில்களுக்கு 3.5 வேண்டும். டிராக்குக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்து விளம்பரத்தை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இந்த ஓர் எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால், 5டபிள்யூ-30 ஆயிலாகவே இருந்தாலும் எச்டிஎச்எஸ் 3.5க்குக் குறையாது.

ஆக, கெட்டியான ஆயில் ஊற்றினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: உதவும், போதாது. ஒரு நல்ல 5டபிள்யூ-40 ஆயில் 115 டிகிரியில் இருக்கும்போது, 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருக்கும் அதே கெட்டித்தன்மையோடு இருக்கும். பதினைந்து டிகிரி அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கெட்டி ஆயில் சூட்டைக் குறைக்காது. இழுக்கும்போது கூடுதல் உராய்வைத் தருவதால் ஒன்றிரண்டு டிகிரி அதிகமாகக்கூடக் காட்டலாம். ஆயில் மாற்றியதும் முள் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் காற்றின் வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். இதைத் தாண்டி 20டபிள்யூ-50 போன்றவற்றுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த என்ஜினின் வால்வ் லிஃப்டர்களுக்கு டிஎல்சி என்னும் கடினமான கார்பன் பூச்சு இருக்கிறது, நிசான் எஸ்டர் ஆயிலைக் கேட்பதும் அந்தப் பூச்சை ஒட்டித்தான். ஆகவே 40 வகுப்புக்குப் போனாலும் எஸ்டரோ, பிஏஓ என்னும் இன்னொரு செயற்கை எண்ணெயோ அடிப்படையாகக் கொண்ட முழு சிந்தெடிக் ஆயிலாகப் பாருங்கள். காருக்கு வாரன்டி மிச்சமிருந்தால் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று ஒரு கணக்கு வேண்டுமென்றால், நல்ல சிந்தெடிக் ஆயில் ஊற்றிய காருக்கு நான் வைத்துக்கொள்வது இது. 80க்குக் கீழே இருந்தால் என்ஜினை முறுக்காதீர்கள். 90 முதல் 110 வரை ஆயிலுக்கு வசதியான இடம். ஆயிலில் சேரும் நீராவியும் பெட்ரோலும் ஆவியாகிப் போக இந்தச் சூடு வேண்டும், அதனால் ஆயில் எப்போதும் 70இல் ஓடுவது நல்லதல்ல. 120 வரை டிராக்கில் சாதாரணம். 125 வந்தால் கியரை முன்னதாக மாற்றத் தொடங்குங்கள். 130 வந்தால் கூல்டவுன் லேப். அதற்கு மேல் போக விட வேண்டாம். ஆயில் தீப்பிடித்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். சிந்தெடிக் ஆயில்களின் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, 200 டிகிரிக்கு மேல் இருப்பதால் 140இல் அந்தப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது ஆயில் படலத்துக்கும் ஆயில் கெடும் வேகத்துக்கும்தான். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 100இல் ஆறு மாதம் தாங்கும் ஆயில் 130இல் அடிக்கடி ஓடினால் வெகு சீக்கிரம் களைத்துவிடும்.

வேறொரு காரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். ஒரு காரில் சென்சார் சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருக்கும், இன்னொன்றில் ஃபில்டர் பக்கத்தில், வேறொன்றில் கூலரைத் தாண்டி. சில கார்களில் சென்சாரே இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஒரு எண்ணைக் காட்டும். நண்பரின் காரில் 105தான் வருகிறது என்பதால் உங்களுடையது மோசம் என்றாகிவிடாது. உங்கள் காரை உங்கள் காரோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும் காற்றின் வெப்பநிலையைச் சேர்த்து எழுதி வையுங்கள். ஒரே மாதிரி ஓட்டினால் ஆயில் வெப்பநிலை காற்றைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அந்த இடைவெளிதான் பெரிதாக மாறாது. ஜனவரி சாயங்காலம் 20 டிகிரியில் 115 வந்த கார், ஏப்ரலில் 35 டிகிரியில் 130ஐ நெருங்கினால் புதிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஜனவரியிலேயே 130 வந்தால் யோசிக்க வேண்டும்.

ஆயில் கூலருக்கு வருகிறேன். போட்டே ஆக வேண்டும், அதுவும் வேறு எந்த மாற்றத்துக்கும் முன்னால். எக்சாஸ்ட், இன்டேக், டியூனிங் என்று பணத்தைச் செலவு செய்துவிட்டுக் கூலரைக் கடைசிக்குத் தள்ளும் பழக்கம் 370இசட் வைத்திருப்பவர்களிடம் அதிகம். ஏற்கெனவே சூட்டை வெளியேற்ற முடியாத என்ஜினுக்கு இன்னும் சூடு சேர்ப்பதுதான் அது.

இதில் போர்ஷே 911இன் கதை படிப்பினை தரும். காற்றால் குளிரூட்டப்பட்ட பழைய 911இல் ரேடியேட்டரே கிடையாது. ஃபேன் காற்று ஒரு பக்கம் என்றால், சூட்டை வெளியே கொண்டுபோகும் பெரிய சுமை ஆயிலின் தலையில். 1969இல் 911எஸ் மாடலின் பலத்தைக் கூட்டியபோது என்ஜினோடு ஒட்டியிருந்த கூலர் போதவில்லை. அவர்கள் முன் வலது ஃபெண்டருக்குள் இன்னொரு கூலரை வைத்தார்கள். என்ஜின் இருப்பது பின்னால், கூலர் முன்னால், நடுவில் காரின் நீளத்துக்கும் ஆயில் பைப். அத்தனை தூரம் பைப் போட்டாவது காற்று நன்றாக வரும் இடத்தில் கூலரை வைக்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர்கள் நினைத்ததைக் கவனியுங்கள். கூலரின் அளவைவிட அது இருக்கும் இடமும் அதன் வழியே போகும் காற்றும்தான் வேலையைச் செய்கின்றன. 1998இல் 993 மாடலோடு காற்றால் குளிரூட்டிய 911 முடிந்தது, ஆனால் இந்தப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை.

கூலரில் இரண்டு வகை. ஒன்று ஆயிலைக் கூலன்ட்டோடு பரிமாற வைப்பது. குளிர்ந்த காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கும், இடம் குறைவு, சாலைக்கு அருமை. ஆனால் அது சூட்டைக் கூலன்ட்டிடம் ஒப்படைக்கிறதே தவிரக் காருக்கு வெளியே அனுப்புவதில்லை. ரேடியேட்டர் திணறினால் இரண்டும் சேர்ந்து ஏறும். இன்னொன்று ஆயிலை நேராகக் காற்றில் ஆற்றுவது. வளைகுடா நாட்டில் டிராக்கில் ஓட்டும் உங்களுக்கு இரண்டாவது வகைதான் சரி.

370இசட்டுக்கு 25 வரிசை அல்லது 34 வரிசைக் கூலர் கிட்களைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். அங்குள்ள வெயிலுக்கு நான் 34 வரிசைக்கே போவேன். ஆயில் ஃபில்டருக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் ஒரு சாண்ட்விச் பிளேட் வரும், அதிலிருந்து இரண்டு ஹோஸ் கூலருக்குப் போகும். பிளேட்டில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 80 டிகிரி பக்கத்தில் திறக்கும் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், ஜனவரி காலையில் அலுவலகம் போகும்போது ஆயில் 60, 70ஐத் தாண்டாமலே போகலாம். அதுவும் என்ஜினுக்குத் தேய்மானம்தான்.

கூலரை பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவார்கள். மாட்டினால் மட்டும் போதாது. காற்று எளிய வழியைத்தான் தேடும். கூலரின் பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் அந்த வழியே நழுவிப் போய்விடும். அலுமினியத் தகடோ கெட்டி ஃபோமோ வைத்து நாலு பக்கமும் அடைத்து, பம்பரின் திறப்பில் நுழையும் காற்று கூலர் வழியாகத்தான் போக முடியும் என்று செய்யுங்கள். பின்னால் காற்று வெளியேறவும் வழி வேண்டும். நல்ல கூலர் போட்டும் சூடு குறையவில்லை என்று சொல்பவர்களின் காரைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த அடைப்பு வேலையைத்தான் விட்டிருப்பார்கள். இன்னொன்று, கூலரைத் தாண்டி வரும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது, அதனால் கூலன்ட்டின் உண்மையான வெப்பநிலையையும் காரின் ஓபிடி சாக்கெட்டில் (கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இணைப்பில்) ரீடர் மாட்டி ஒருமுறை பாருங்கள். உங்கள் ஊரில் மணலும் தூசியும் ரேடியேட்டர் தகடுகளுக்குள் படிந்துவிடும். கூலர் வாங்குவதற்கு முன்பே ரேடியேட்டரையும் ஏசி கண்டென்ஸரையும் மெதுவான தண்ணீரில் கழுவிப் பாருங்கள். பதினைந்து வருடக் காரில் அது மட்டுமே சில டிகிரிகளை மிச்சப்படுத்தும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கூலர் போட்டதால் என்ஜின் போன கதைகளில் பெரும்பாலானவை ஹோஸ் உரசி ஓட்டை விழுந்ததால் வந்தவை. ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அரம் மாதிரி எதையும் அறுக்கும், தன்னையும் அறுத்துக்கொள்ளும். உலோக விளிம்பைத் தாண்டும் இடத்திலெல்லாம் ரப்பர் உறை, சரியான கிளாம்ப் வேண்டும். டயர் முழுதாகத் திரும்பும்போது ஹோஸைத் தொடுகிறதா என்று ஜாக்கி போட்டுப் பார்க்க வேண்டும். பொருத்தியபின் ஆயில் அளவு அரை லிட்டர், சில கிட்களில் அதற்கும் மேல், கூடுதலாக எடுக்கும். என்ஜினை ஓடவிட்டுத் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை சூடாக்கி, அணைத்து, அப்புறம் டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்கள். வேறொரு காரில் இருந்து கழற்றிய பழைய கூலர் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அந்த என்ஜினில் பேரிங் போயிருந்தால் உலோகத் துகள் கூலரின் உள்ளே தங்கியிருக்கும், அதை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது.

கூலர் வரும்வரை என்ன செய்யலாம்? இங்கேதான் முன்னே சொன்ன கால் பங்கு உதவும். உங்கள் என்ஜினின் அதிகபட்ச டார்க் 5200 ஆர்பிஎம்மில், அதிகபட்ச பலம் 7000இல். 7500 வரை இழுப்பதால் நேரத்தில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான், சூட்டில் வரும் நட்டம் பெரிது. 6500இல் கியர் மாற்றுங்கள். நீண்ட வளைவுகளில் இரண்டாவதுக்குப் பதில் மூன்றாவது கியரில் போங்கள். முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓட்டாதீர்கள், அதன் சூடான காற்றுதான் உங்கள் ரேடியேட்டருக்கு வருகிறது. கார் நீளத்தில் பாதியாவது பக்கவாட்டில் விலகினாலே வித்தியாசம் தெரியும். ஏசியை அணையுங்கள். மூன்று லேப் வேகமாக, ஒரு லேப் உயர்ந்த கியரில் நிதானமாக என்று பிரித்து ஓட்டுங்கள். பிட்டுக்கு வந்த உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல் கடைசி லேப்பை மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். வேகமாக ஓடும் காற்று ஆற்றுவதுபோல நின்ற இடத்தில் ஃபேன் ஆற்றாது.

ஆயில் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராக்குக்குப் போகுமுன் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூடாவது ஒருபக்கம், நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். சூடான மெல்லிய ஆயிலில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல், கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி இன்னும் சூடேற்றும்.

கடைசியாக, உங்கள் காருக்கே உரிய ஒரு விஷயம். விக்யூ37 என்று அழைக்கப்படும் உங்கள் காரின் என்ஜினின் ஆரம்ப ஆண்டுக் கார்களில், டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் ஆயில் கேலரி (என்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழி) கேஸ்கெட் பிய்ந்து ஆயில் அழுத்தம் குறைவது உரிமையாளர்களிடையே நன்றாகத் தெரிந்த பிரச்சினை. பழைய கேஸ்கெட் காகித வகை, மாற்றுக்கு உலோக வகை கிடைக்கிறது. இது சூட்டால் வரும் பிரச்சினை அல்ல, ஆனால் ஆயில் சூடாகி மெலியும்போதுதான் முதலில் வெளியே தெரியும். அழுத்தம் குறைந்திருக்கும் காருக்குக் கூலர் போட்டால் நோயை மறைத்ததாகிவிடும். அதனால் கூலருக்கு ஆர்டர் கொடுக்குமுன் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி, ஆயில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஐடிலிலும் 3000, 6000 ஆர்பிஎம்மிலும் அழுத்தம் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு, அதோடு சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

இப்போது காரில் இருக்கும் ஆயிலை இறக்கிவிடுங்கள், கம்ப்யூட்டர் ஆர்பிஎம்மை இறக்கும் லிம்ப் மோடு வரை போன ஆயில் அது. இறக்கும்போது ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி நிறத் துகள் பளபளக்காவிட்டால், அழுத்தமும் சரியாக இருந்தால், கூலர், 5டபிள்யூ-40, அடைப்புத் தகடு மூன்றோடும் அடுத்த சீசனுக்குப் போகலாம். துகள் இருந்தால் கூலர் வாங்கும் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள்.